திருப்பி அனுப்பிய நீலக் கடிதங்கள்

“பெரிய படிப்பு படிச்சிகினாளாம். ஒரு வெள்ளைக்காரன் எதிர்ல வந்து நின்னா வாய் தொறப்பாளா?”

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று, எல்லார் முன்னாலும் சித்தப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வருடமே, எழுபத்திரண்டில், எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்துக்கே ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். பம்பாயில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டை அம்மா பெருக்கிப் பூட்டிச் சாவி வைத்திருந்தார். அதன் மாடியில் அந்த வெள்ளைக்காரர் குடியேறினார். இருபத்தைந்து வயது இருக்கும். வடக்கே ஒரு முகாமில் புத்தர் வழித் தியானம் கற்றுக்கொண்டு, தனியாக உட்கார இடம் தேடி வந்தவர். அம்மா சமைத்துப் போட்டார். நடுவில் பேச நான்.

விடிவதற்கு முன்பே அவர் தியானத்தில் உட்கார்ந்துவிடுவார். நடுப்பகலுக்குள் ஒரே வேளைச் சாப்பாடு. கொசு கடித்தாலும் கை அசையாது. ஒருநாள் எனக்கு விளக்கினார். உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, நினைப்பும் அப்படியே. வலி வருகிறது, போகிறது. ஆனால் ‘என் வலி’ என்று சொல்கிற அந்த ‘நான்’ எங்கே என்று தேடினால் அகப்படவில்லை என்றார். அம்மாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

“அப்போ துன்ற சோறு யார் வயித்துக்குப் போவுதாம்? கேளு” என்றார் அம்மா.

கேட்டேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ‘நான்’ என்று நிமிர்ந்து சொல்லவே எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. அதையே ஒருவர் கழற்றி வைக்கப் பார்க்கிறாரே என்று இருந்தது. ஆனால் அவர் வேஷம் போடவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மார்கழியில் அவருடைய அம்மாவிடமிருந்து நீல நிற விமானத் தபால் கடிதங்கள் வரத் தொடங்கின. முதல் கடிதத்தைப் பிரிக்காமல் பாய்க்கு அடியில் வைத்தார். இரண்டாவது வந்தபோது, இதைப் பார்த்தாலே மூன்று நாள் மனம் நிலைகொள்வதில்லை என்றார். தான் இங்கிருந்து போய்விட்டதாக எழுதித் திருப்பிவிடச் சொன்னார்.

தபால்காரர் தயங்கினார். “இன்னா பாப்பா, ஆளு மேலதானே கீறாரு?”

“அவரேதான் சொன்னாரு அண்ணே. குடுங்க, நானே எழுதித் தரேன்” என்றேன்.

இங்கிலீஷில் எழுதினேன். இவர் இந்த இடத்தைவிட்டுப் போய்விட்டார், புது விலாசம் தெரியாது. எழுத்துகளைச் சேர்த்து, சாய்த்து, நிதானமாக எழுதினேன். என் எழுத்து கடல் தாண்டிப் போகிறது என்ற நினைப்பு எனக்கு.

“பெத்தவ எழுதனதைத் திருப்பி அனுப்பறது பாவம்டி. உள்ள இன்னா கீதோ?” என்றார் அம்மா.

“உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இது அவங்க வழி” என்றேன்.

அப்படி நான்கு கடிதங்கள் திரும்பிப் போயின. பிறகு எதுவும் வரவில்லை. பங்குனியில் அவரும் கிளம்பிவிட்டார். கயாவுக்குப் போகலாம், கண்டிக்கும் போகலாம் என்றார்.

வைகாசி வெயிலில், தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் ரிக்ஷாவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். சட்டை முழுக்க வியர்வை. மாடியில் இருந்தவருடைய அப்பா. கையில் ஒரு நீலக் கடிதம். மகன் எங்கே போனான் என்று இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். கயா, கண்டி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மனைவி மாசி மாதம் இறந்துவிட்டாள், படுக்கையிலிருந்தே எழுதிய கடிதங்கள் இவை என்றார். பிறகு கடிதத்தைத் திருப்பி, இதை எழுதியது யார் என்றார்.

“நான்தான்.”

அவர் எனக்கு நன்றி சொன்னார். வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்க மாட்டார்கள் என்றார். “இது அவன் கைக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஒரே ஆறுதல். கிடைத்திருந்தால் வந்திருப்பான். அவன் நல்ல பையன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, வந்த ரிக்ஷாவிலேயே திரும்பிப் போனார்.

“இன்னா சொன்னாரு?” என்று அம்மா கேட்டார். சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கயாவில் இருக்கும் மடங்களுக்கு எழுதி விசாரித்தேன். பல மாதம் கழித்து ஒரு பிக்கு பதில் போட்டார். நான் தேடிய ஆள் கண்டிப் பக்கம் ஒரு மடத்தில் இருக்கிறாராம். விலாசமும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்தேன். துறந்து போனவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

அவர் தியானத்தில் தேடியது சரியா, தவறா என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனால் ஒரு தாய் சாகக் கிடந்த நேரத்தில் நான் என் கையெழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

போன திங்கட்கிழமை தாம்பரம் தபால் ஆபீஸில் கண்டிக்கு ஒரு கடிதம் சேர்த்தேன். உங்கள் அம்மா இறந்துவிட்டார். அப்பா உங்களைத் தேடி வந்தார், உங்கள் ஊரில் தனியாக இருக்கிறார். அம்மாவின் கடிதங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னது நீங்கள், எழுதி அனுப்பியது நான்.