இரண்டு மீன் புத்தகங்கள்

என் கணவர் கதைப்பதை நிறுத்திப் பத்து மாதமான பிறகுதான், அவருக்கு ஒரு மீன் புத்தகம் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குப் பேச்சு போகவில்லை. மெல்ல மெல்ல ஏறி வர வேண்டிய கடலடியிலிருந்து வேகமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழேதான் உணர்வு போனது. ஆனால் ‘ஓம்’, ‘வேண்டாம்’ தவிர வேறு கதை அவரிடம் இல்லை. பதினைந்து வருடம் பவளம் வளரும் முருகைக்கற்பாறைகளில் சுழியோடி, கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வண்ண மீன்களைப் பிடித்து ஏற்றுமதிக்காரருக்குக் கொடுத்தவர். மீனைக் காட்டினால் வாய் திறப்பார் என்று நம்பினேன்.

வேலை செய்யும் கந்தோரில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள புத்தகக் கடைக்குப் போனேன். சுற்றுலாப் பயணிகளுக்காக வைத்திருந்த இரண்டு புத்தகங்களைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒன்று பெரியது, வழுவழுப்பான தாள், பக்கத்துக்கு ஒரு புகைப்படம். மற்றது கைக்கடக்கமானது, எல்லாம் கையால் வரைந்த படங்கள்.

“அக்கா, மீனை அடையாளம் பார்க்கிறதெண்டால் சின்னதுதான் நல்லம்,” என்றார்.

எனக்கு யார் புத்தி சொன்னாலும் பிடிக்காது. “கீறின படத்தை வச்சு என்ன செய்யிறது?” என்று கேட்டுவிட்டு, பெரியதை வாங்கிக்கொண்டு அன்புவழிபுரம் வீட்டுக்கு வந்தேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடி வைத்தார்.

“என்ட மீன் ஒண்டும் இதில இல்லை.”

பதினைந்து வருடம் பிடித்த மீனில் ஒன்றுகூடவா இல்லாமல் போகும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களுக்கு எதைக் கொண்டு வந்து தந்தாலும் குறைதான்,” என்று கத்திவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். ஆனாலும் பத்து மாதத்தில் அவர் சொன்ன மிக நீளமான வசனம் அது. அடுத்த நாளே புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர் சின்னதை மாற்றித் தந்தார்.

அதில் ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு படம் இருந்தது. குஞ்சாக இருக்கும்போது ஒன்று, வளர்ந்த பிறகு ஒன்று. பலதுக்கு நிறமே வேறாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொட்டிக்கு அனுப்புவது குஞ்சுகளைத்தான். பொலித்தீன் பையில் அடங்காத பெரிய மீன்களை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெரிய புத்தகத்தில் இருந்தவை எல்லாம் வளர்ந்த மீன்கள். வீணாக மனுசனை ஏசினேனே என்று வெட்கமாக இருந்தது.

அவர் ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் போனார். சிலவற்றுக்குச் சுழியோடிகள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர்களைச் சொன்னார். எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் போட்ட சின்ன மீன். பக்கத்தில் அதுவே வளர்ந்து, வளையமெல்லாம் போய், உடம்பு நீளத்துக்கு மஞ்சள் கோடுகளோடு இருந்தது.

“இது ரெண்டும் ஒண்டோ?”

“அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“பெரிசு எத்தினை தரம் எனக்குப் பக்கத்தால போயிருக்கும். வேற மீன் எண்டெல்லோ நினைச்சனான்.” விரலைக் குஞ்சின் படத்துக்கு நகர்த்தினார். “அண்டைக்குச் சிலிண்டரில காத்து திடீரெண்டு முடிஞ்சதெண்டு உமக்குச் சொன்னனான். அது பொய். முடியப்போகுதெண்டு எனக்குத் தெரியும். இந்தக் குஞ்சு கல்லிடுக்குக்குள்ள ஒளிச்சிட்டுது. விட்டிட்டு வர மனமில்லாமல் நிண்டனான். பிறகு மெல்ல மெல்ல மேல வரக் காத்தில்லை. நீர் ஏசுவீரெண்டுதான் சொல்லேல்லை.”

அந்த விபத்துக்காகப் படகுக்காரரையும் சிலிண்டருக்குக் காற்று அடித்தவரையும் நான் திட்டாத நாளில்லை. கதைத்தால் போதும் என்றுதானே ஆசைப்பட்டேன். கதைத்துவிட்டார். எனக்குத்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“அந்தக் குஞ்சு கொஞ்சம் வளந்திருந்தால் அதைத் தொட்டிருக்கமாட்டன்,” என்றார். “நானும் நடந்துகொண்டிருப்பன்.”

அவருடைய கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.