சிவப்பு மையில் ஒரு வரி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஐந்து புள்ளிக் கோலம் போட்டேன். ஐந்து நாற்பதுக்கு வீட்டுக்காரருக்கு டீ. அவர் ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டுகிறார். ஆறு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இரண்டு டப்பாக்களில் கட்டினேன். ஏழே காலுக்குக் குளித்து முடித்தேன். ஏழு நாற்பத்தைந்துக்கு அரூர் பஸ் வந்தது. இடது பக்கம், மூன்றாவது ஜன்னல். மடியில் ஹெல்மெட்.

பஸ்ஸில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போகும் நாற்பத்தேழு வயதுப் பெண்ணை எல்லோரும் ஒருமுறை பார்க்கத்தான் செய்வார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "வண்டி எங்கக்கா?" என்றார். "இனிமேதாங்க வரணும்" என்றேன். அன்று எனக்கு இரண்டாவது முறையாக ஓட்டுநர் உரிமத் தேர்வு. மறுநாள் காலை பத்து மணிக்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வக நுட்பராக இருக்கிறேன். பதினொரு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் உள்ள இன்னொரு நிலையத்தில் புதிதாக ஆய்வகம் அமைக்கிறார்கள். அதன் பொறுப்பை நான் ஏற்கிறேனா என்று எங்கள் டாக்டரம்மா கேட்டிருந்தார். ஆகஸ்ட்டில் சேர வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டுக்காரரால் கொண்டுபோய் விட முடியாது. சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கப் போன மகளின் ஸ்கூட்டர் வீட்டில் சும்மா நிற்கிறது. எனக்கு அதை ஓட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன் அதே மலையடிவாரத்தில் இதே மாதிரி ஒரு பொறுப்பு என்னைத் தேடி வந்தது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். குடும்பத்தில் ஒரு சூழ்நிலையும் இல்லை. அன்றைய டைரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: 'பொய் எழுதினேன். பயந்தாங்கொள்ளி.'

அந்தச் சிவப்பு மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வகப் பதிவேட்டில் சளி மாதிரியில் காசநோய்க் கிருமி தெரிந்தால் முடிவைச் சிவப்பு மையில் எழுதுவோம். இல்லையென்றால் நீலம். பக்கத்தைத் திருப்பியதுமே கவனிக்க வேண்டியது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போய், என் டைரிக்கும் கொண்டுவந்தேன். அன்றன்று செய்த தவறுகளைச் சிவப்பில் எழுதுவேன். பாலைப் பொங்கவிட்டது, நாத்தனாரிடம் சுள்ளென்று பேசியது, ஊசியை இரண்டு முறை குத்த வேண்டிவந்தது. எழுதும்போது நானே என்னைத் திட்டியும் கொள்வேன். மக்கு. எருமை. இதுகூடத் தெரியாதா? இருபத்திரண்டு டைரிகள் பீரோவின் அடித்தட்டில் வருட வரிசைப்படி இருக்கின்றன. எதைத் திறந்தாலும் சிவப்பு.

முதல் தேர்வு ஜூன் 25. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பழகினேன். தேர்வு மைதானத்துக்கு ஒருநாள் போய், எட்டு போடும் பாதையைக் காலடியால் அளந்து வந்தேன். கொழுந்தனாரின் சிமெண்ட் களத்தில், அதே அளவில், கோலமாவால் எட்டு வரைந்தேன். வெளிக்கோடு ஒன்று, உள்கோடு ஒன்று. வளைவு எங்கும் பிசகவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. தினமும் சாயந்திரம் ஐந்தரை முதல் ஆறரை வரை ஓட்டினேன். கோட்டின் அருகே போனதும் வண்டி திணறும். கால் தானாக இறங்கிவிடும்.

தேர்வன்றும் அதுதான் நடந்தது. முதல் வளைவிலேயே இடது காலை ஊன்றினேன். அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று இன்ஸ்பெக்டர் கையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து நான்கு வரி சிவப்பில் எழுதினேன். அந்த வரிகளை இங்கே திரும்ப எழுத விருப்பமில்லை. வேறு யாரையாவது அப்படித் திட்டியிருந்தால் அவர்கள் என் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் களத்துக்கு வந்து நான் ஓட்டுவதைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து, இரண்டு சுற்று முடியும்வரை நின்றார்.

"எட்டு போடச் சொன்னா மார்கழிக் கோலம் போட்டு வெச்சிருக்க. நடுவுல பூசணிப்பூ ஒண்ணுதான் கொறைச்சல்."

"கேலி பண்ண வந்தீங்களா, சொல்லிக் குடுக்க வந்தீங்களா?"

"ரெண்டுந்தான். கோலத்தை மிதிக்காதேன்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. நீ மிதிக்க மாட்டே, சரி. இப்ப வண்டியும் மிதிக்க மாட்டேங்குது. கோடு கிட்ட வந்தா ஒடம்பையே தூக்கற நீ."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை வாங்கி, என் கோட்டின் மேலேயே நான்கைந்து சுற்று ஓட்டினார். டயர் போன இடமெல்லாம் மாவு கலைந்து களம் வெள்ளையாகப் பூசினாற்போல ஆயிற்று. "இந்தா, இப்ப ஓட்டு" என்றார். அரை மணி நேரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. நான் எட்டு போடப் பழகவில்லை. மூன்று வாரமாகக் கோலத்தைக் காப்பாற்றப் பழகியிருக்கிறேன்.

மகளிடம் போனில் சொன்னபோது அவள் வேறு வைத்தியம் சொன்னாள். "அம்மா, காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, நான் தைரியசாலி, என்னால எல்லாம் முடியும்னு பத்து தடவை சொல்லும்மா. எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் சொல்றோம்." ஒரு நாள்தான் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை சொல்லும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "யாருகிட்ட பேசற? கண்ணாடிக்காரிக்கும் டீ வேணுமான்னு கேளு." சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் கேலி செய்ததால் நான் அதை நிறுத்தவில்லை. என்னால் எல்லாம் முடியும் என்று சொல்ல வாய் கூசியது. மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் ஒரு முடிவுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதற்கு மட்டும் எப்படிப் போடுவது?

ஜூலை 1, திங்கட்கிழமை. ஜூன் மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் முதல் கட்டம் 'மொத்தம் பரிசோதித்தவை'. இரண்டாவது கட்டத்தில்தான் கிருமி கண்டவை வரும். பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக எண்ணினேன். பெரும்பாலும் நீலம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு.

நீல வரிகளுக்குத்தான் உழைப்பு அதிகம் என்பது வெளியாருக்குத் தெரியாது. கிருமி நிறைய இருந்தால் கொஞ்சம் பார்த்ததுமே தெரிந்துவிடும். இல்லை என்று எழுத வேண்டுமானால் கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நூறு இடங்களையாவது பார்க்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் சளிக்காக அந்த நூறையும் பார்க்காமல் நான் ஒருநாளும் எழுதியதில்லை. என் விஷயத்தில் மட்டும் ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன், இருபத்திரண்டு வருடமாக. மொத்தம் எவ்வளவு என்ற கட்டமே என் டைரியில் கிடையாது. இப்படி ஒரு பதிவேட்டை யாராவது என் மேஜையில் வைத்திருந்தால், செல்லாது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

மீதி வரிகளையும் எண்ணினேன். பிறகு அறிக்கையை முடித்தேன். மூன்று மணிக்குள் அது போக வேண்டும்.

அன்று சாயந்திரம் களத்தில் கோலமாவு போடவில்லை. பழைய செங்கல் துண்டுகளை வைத்தேன். நாற்பது சுற்று ஓட்டினேன், ஒவ்வொன்றையும் எண்ணினேன். காலை ஊன்றியது பதினொரு முறை. டைரியில் முதலில் 'மொத்தம் 40' என்று எழுதினேன். அடுத்து நீலத்தில் 'ஊன்றாதது 29'. அதன் பிறகே சிவப்பு. இருபத்தொன்பது என்ற எண்ணை நானே நம்பாமல் கழித்தல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஹெல்மெட்டுக்குள் நம் குரல் நமக்கே பெரிதாகக் கேட்கும். வளைவு நெருங்கியதும் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்: 'ஊணுவ பாரு, இப்ப ஊணுவ பாரு.' ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குப் பயந்து கையை இழுக்கிறவர்களிடம் நான் இப்படியா பேசுகிறேன்? 'அந்தப் பக்கம் பாருங்க, மூச்சு விடுங்க, அவ்ளோதான், முடிஞ்சுது' என்பேன். அதில் பொய் எதுவும் கிடையாது. நீங்கள் மாவீரர் என்று யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் குரல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதை என் பக்கம் திருப்பியதில்லை. மறுநாள் வளைவு வந்தபோது சொன்னேன்: 'தூரமா பாரு. மூச்சு விடு. திருப்பு.' வெட்கமாகத்தான் இருந்தது. களத்து ஓரம் கட்டியிருந்த ஆடுகளைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஜூலை 7, ஞாயிறு: மொத்தம் 40, ஊன்றாதது 37.

இந்தக் கணக்கோடுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை அரூரில் இறங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் இண்டூரில் கட்டிக் கொடுத்த, தாய்வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண். முப்பது வயதிருக்கும்.

"எத்தனாவது தடவைங்கக்கா?"

"ரெண்டாவது."

"புதுசு நீங்க. எனக்கு நாலு. இன்ஸ்பெக்டரு என்னைப் பாத்தா, கொழந்தைங்க நல்லா இருக்காங்களான்னு கேக்கறாரு. இன்னொரு வாட்டி வந்தா சீர்வரிசை வெக்கணும்."

அவள் போனாள், போட வேண்டிய இரண்டு எட்டையும் சுத்தமாகப் போட்டாள். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைக் கட்டிக்கொண்டாள். இருவர் ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டின.

என் முறை. தேர்வுக்கென்று வாடகைக்கு எடுத்த பயிற்சிப் பள்ளியின் ஸ்கூட்டர். முதல் எட்டு முழுதாக வந்தது. தூரமாகப் பார்த்தேன், மூச்சு விட்டேன். இரண்டாவது எட்டில் மூன்று வளைவுகள் கடந்தேன். கடைசி வளைவில், முடிந்துவிட்டது என்று மனம் முந்திக்கொண்டது, வேகத்தைக் குறைத்துவிட்டேன். வண்டி சாய்ந்தது. வலது கால் தரையில்.

"நல்லாத்தாம்மா வந்தீங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மத்தியானம் வேலைக்குப் போனேன். டாக்டரம்மா கேட்டார், சொன்னேன். "அப்ப நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்றார். "காலையில சொல்றேங்க மேடம்."

சாயந்திரம் வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "எந்தக் கால்?" என்றார். "வலது." "போன தடவை இடது. அடுத்த தடவை ஊண்டறதுக்கு மூணாவது கால் இல்ல" என்றார்; அதைக் கேலியில் சேர்க்க முடியாது.

ஏழு மணிக்கு டைரியைத் திறந்தேன். கை பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவைத்தான் எடுத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு நீலத்தில் தொடங்கினேன். மொத்தம் எட்டு வளைவு எனக் கணக்கிட்டால், ஊன்றாதது ஏழு. முதல் எட்டு முழுமை. பேருந்தில் எல்லோர் முன்னும் ஹெல்மெட்டோடு போனேன். கால் ஊன்றியபின் அழவில்லை. மத்தியானம் வேலைக்குப் போனேன், ஆறு பேருக்கு ரத்தம் எடுத்தேன், யாருக்கும் இரண்டாம் குத்து இல்லை. கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினேன்: 'கடைசி வளைவில் வேகம் குறைத்தேன், வலது கால்.' மக்கு, எருமை எதுவும் எழுதவில்லை. பதிவேட்டில் நோயாளியைத் திட்டி எழுதுவதில்லை.

பிறகு பதிலை யோசித்தேன். உரிமம் கிடைக்கும்வரை அந்த ஊருக்கு எப்படிப் போவது என்று தாளில் எழுதிப் பார்த்தேன். ஆறு ஐம்பது டவுன் பஸ் கூட்டுரோடுவரை போகும். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ கிடைத்தால் பத்து நிமிடம், இல்லாவிட்டால் நடை. எட்டு மணிக்குள் போய்ச் சேரலாம். எழுதி முடித்தபோதுதான் உறைத்தது: அந்த பஸ் ஆறு வருடத்துக்கு முன்பும் ஓடியது. அதே நேரம், அதே வழி. அன்று நான் நேரம் பார்க்கவே இல்லை. முடியாது என்பதை முதலில் எழுதிவிட்டேன்.

அப்போதே சம்மதக் கடிதத்தை எழுதி வைத்தேன். கையெழுத்தை மட்டும் விட்டுவைத்தேன். தேர்வில் தோற்ற வீம்பில் போட்ட கையெழுத்தாக அது இருக்கக் கூடாது.

ஜூலை 10, புதன்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். விளக்கைப் போட்டு, கடிதத்தை ஒருமுறை முழுக்கப் படித்து, நீல மையில் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினேன். அதன் பிறகுதான் வாசல் பெருக்கப் போனேன்.