அம்மா தேர்ந்தெடுத்த சவரப் பிரஷ்

நான் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த வருடம், அப்பாவுக்குச் சவரப் பிரஷ் வாங்க அம்மாவோடு நுவரெலியாவுக்குப் போனேன். பழைய பிரஷின் பன்றி முடி குத்திக் குத்தி அப்பாவின் கன்னமெல்லாம் தடிப்பாக இருந்தது.

கடைக்காரர் இரண்டு பிரஷ்களை எடுத்துவைத்தார். "இது பன்றி முடிங்க. மத்தது பேட்ஜர்ங்கிற சீமை மிருகத்தோட முடி. தொட்டுப் பாருங்க, பஞ்சு மாதிரி இருக்கும்."

அம்மா இரண்டையும் விரலால் தடவினார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

நான் தொட்டதும் வித்தியாசம் தெரிந்தது.

"கொழுந்து பறிச்சுப் பறிச்சு வெரலு மரத்துப் போச்சும்மா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அம்மா பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "இதுவே இருக்கட்டும். அப்பாவுக்குச் சொகமா இருக்கும்."

தினமும் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட விரல்கள் அவை. மரத்துப்போனது அதுவரை எனக்குத் தெரியாது. திரும்பும் பஸ்ஸில், நாங்கள் இறங்கும் கொட்டகலை வரும்வரை அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் விடியலில் அம்மா வழக்கம்போல் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அப்பாவின் கன்னம் ஆறிவிட்டது. அம்மாவின் விரல்களுக்கு எந்தக் கடையிலும் ஒன்றும் வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.