ராஜா விழுந்த பிறகு இரண்டு எட்டு

அறுவடை மிஷினின் டீசல் வாசனை வந்தால் இன்றும் எனக்கு அந்தச் சீட்டாட்டம்தான் நினைவுக்கு வரும். வானம் கறுத்திருந்த அன்று ஊருக்கு ஒரே மிஷின்தான் வந்தது. நனைந்தால் என் சம்பா நெல் கதிரிலேயே முளைத்துப்போகும். துபாயிலிருந்து வந்திருந்த பக்கத்து வயல் பாய், "யாருக்கு முதல்லன்னு போக்கர் சீட்டாட்டத்துல பாத்துக்கலாங்க" என்றார்.

பந்தயம் தீக்குச்சி. சுற்றுக்கு இரண்டுதான், கூட வைத்து மிரட்ட முடியாது. கடைசி ஆட்டத்தில் என் கையில் இரண்டு எட்டு. இருவருக்கும் பொதுவாக நடுவே விரித்த சீட்டில் ராஜா விழுந்தது. அவரிடமும் ராஜா இருந்தால் அந்த ஜோடி என் எட்டு ஜோடியை அடித்துவிடும், நான் காலி. விட மனமில்லாமல் குச்சிகளை வைத்தேன். அவர் என்னையே பார்த்தார், ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஜெயித்த மிதப்பில் சீட்டை அடுக்கினேன். அவர் கவிழ்த்ததில் ராஜா இருந்தது.

"என்ன பாய் இது?"

"என்னுது மேட்டு வயல், தண்ணி வடிஞ்சிரும். உங்க பள்ளத்துல மழை பேஞ்சா மிஷின் இறங்குமா? சும்மா குடுத்தா வாங்கியிருப்பீங்களா நீங்க? ஓடுங்க, தூறுது."