பட்டியலில் வராத பத்துக் குழந்தைகள்

மருந்தகக்காரர்தான் அவளை முதலில் சல்லடை என்று கூப்பிட்டார். பிறகு அது மருத்துவமனை முழுக்க ஒட்டிக்கொண்டது. அறுபதைத் தாண்டியவர்களில் இந்த வருடம் இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் யார் என்று எந்த மருத்துவர் கேட்டாலும், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் பட்டியலை நீட்டிவிடுவாள். “சல்லடைன்னா பாதி ஓட்டைதானே, பார்த்துக் கேளுங்க” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்திரண்டு வயதில் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குச் சீட்டு அடித்துக் கொடுப்பது வேலை. பதிவேடுகளெல்லாம் கணினிக்குப் போனபோது கூட இருந்தவர்கள் வேறு பிரிவு கேட்டு நழுவிவிட்டார்கள். இவள் மட்டும் நகரவில்லை. கணினியை அமைத்துக் கொடுத்த நிறுவனம் விட்டுப்போன தடித்த கையேட்டைப் பென்சிலும் கையுமாகப் படித்தாள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை. பதிவறை தரைத்தளத்தின் பின்பக்கம், சலவைப் பிரிவை ஒட்டி இருந்தது. ஒரே சன்னல். வெந்நீரில் புரண்ட படுக்கை விரிப்புகளின் வாடை எப்போதும் அடிக்கும். அந்த வாடையிலேயே பதினேழு வருடம் ஓடிவிட்டது.

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அக்கா தையற்காரி. முன்னறையில் தையல் இயந்திரமும் துணிக்குவியலும், பின்னறையில் இரண்டு கட்டில்களும். தங்கை செய்யும் வேலை என்னவென்று அக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. “வெச்ச இடம் தெரியாம நாள் பூரா தேடுறதுக்கு ஒரு ஆள் போட்டிருக்காங்க” என்று துணி கொண்டு வருகிறவர்களிடம் சொல்வாள்.

உண்மையில் வைத்த இடம்தான் சிக்கல். ஒவ்வொரு நோயாளிக்கும் கணினியில் ஒரு பதிவு உண்டு. அதை ஒரு பெரிய உறை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அவர் வந்துபோன ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிறிய உறை. அந்தச் சிறிய உறைக்குள் அந்த முறை போட்ட ஊசிகள், கொடுத்த மாத்திரைகள், அவற்றின் பேட்ச் எனப்படும் தொகுதி எண், தேதி. ஒரு மருந்தைத் தேட வேண்டுமானால் உறைக்குள் உறையாகப் பிரித்துப் பார்க்கும்படி கணினிக்கு அதன் மொழியில் கேள்வி, அதாவது வினவல், எழுத வேண்டும். பிரி என்று சொன்னதை மட்டும்தான் அது பிரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருந்து நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கிருமித்தொற்றுக்குப் போடும் ஒரு ஊசி மருந்தில், 4417 என்ற தொகுதி கெட்டுப்போயிருக்கிறது. எல்லாக் குப்பிகளும் அல்ல, சில மட்டும். எவை என்று தெரியாது. கெட்ட குப்பி ஏறியிருந்தால் பத்து நாளுக்குள் இரத்தத்தில் விஷம் பரவலாம், முன்கூட்டியே மாற்றுமருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கண்காணிப்பாளர் கடிதத்தோடு பதிவறைக்கே வந்துவிட்டார். மேல்மாடியை விட்டு இறங்காத மனிதர். யார் யாருக்கு அது போடப்பட்டது என்று மதியத்துக்குள் தெரிய வேண்டும் என்றார்.

முதல் வினவலுக்கு முந்நூற்று நாற்பது பேர் வந்தார்கள். அத்தனை குப்பிகளே அந்தத் தொகுதியில் வரவில்லை. எங்கோ இடிக்கிறதே என்று பார்த்தாள். அந்தத் தொகுதி போன வாரம்தான் வந்திருந்தது. அந்த மருந்து போட்டவரா, போன வாரம் வந்தவரா என்று அவள் தனித்தனியாகக் கேட்டிருந்தாள். பழைய வருகையில் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு போன வாரம் வெறும் இருமலுக்கு வந்தவரையும் கணினி உள்ளே தள்ளியிருந்தது. மருந்து, தொகுதி, தேதி மூன்றும் ஒரே ஊசியில் பொருந்த வேண்டும் என்று திருத்தினாள். ஐம்பத்தெட்டு பேர் நின்றார்கள். தொலைபேசி எண்கள் வேறு அட்டவணையில் இருந்தன. அதை இதனோடு இணைத்தாள். ஆளுக்கு ஒரு வரியாக அச்சடித்து மேலே அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் எல்லோரையும் அழைத்து வரச்சொல்லிவிட்டார்கள். மறுநாள் கண்காணிப்பாளர் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்து நின்று, தலையசைத்துவிட்டுப் போனார். முந்நூற்று நாற்பதை ஐம்பத்தெட்டாக்கிய கதையை அன்று வீட்டில் அக்காவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். குழந்தைகள் வார்டு செவிலியர் கையில் வார்டு நோட்டோடு பதிவறைக்கு வந்தார். ஓடி வந்திருந்தார் போல. பிறந்து எட்டு நாளான ஒரு ஆண் குழந்தை காய்ச்சலோடு வந்திருக்கிறது என்றார். உடம்பெல்லாம் சாம்பல் நிறம், அழக்கூடத் தெம்பில்லை. பிறந்த அன்றைக்கு அதற்கு 4417 போட்டதாக நோட்டில் இருக்கிறது.

“உங்க பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். அந்தக் குழந்தை இல்ல. எந்தக் குழந்தையுமே இல்லையேக்கா” என்றார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் தனிப் பதிவு கிடையாது. பெயர் வைத்து, பிறப்பைப் பதிந்து வந்த பிறகுதான் தனி உறை. அதுவரை தாயின் உறைக்குள், அந்த வருகைக்குள், பிரசவம் என்ற இன்னொரு உறைக்குள்தான் குழந்தை இருக்கும். குழந்தைக்குப் போட்ட ஊசியும் அங்கேதான். அவள் வருகைகளைப் பிரித்தாள், தாய்மாரின் ஊசிகளைப் பார்த்தாள். பிரசவத்தைப் பிரிக்கவில்லை. இது தெரியாத விஷயமும் இல்லை. அந்த அமைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவாள்.

பிரசவத்தையும் பிரிக்கச் சொல்லி வினவலை மாற்றினாள். அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். செவிலியர் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு அழைப்பு போதுமென்று தாய்வாரியாகத் தொகுத்தாள். ஏழு வரிகள் வந்தன. நோட்டில் எத்தனை என்று கேட்டாள். செவிலியர் பக்கங்களைப் புரட்டி விரல்விட்டு எண்ணினார். ஒன்பது தாய்மார் என்றார்.

இரண்டு பேர் எங்கே போனார்கள்? தொலைபேசி அட்டவணையை இணைப்பதற்கு முன்னால் ஒன்பது, இணைத்த பின் ஏழு. எண் இல்லாதவர்களை அந்த இணைப்பு சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டிருந்தது. இரு பக்கமும் பொருந்தினால்தான் வரி நிற்கும் என்று அவளே எழுதியிருந்தாள். செவ்வாய்க்கிழமைப் பட்டியலையும் உடனே சோதித்தாள். பெரியவர்களிலும் இரண்டு பேர் அப்படியே விழுந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் வார்டில்தான் படுத்திருந்தார்கள், மருத்துவர் ஏற்கெனவே கவனித்துவிட்டார். அது அவர்களுடைய அதிர்ஷ்டம், இவளுடைய சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

வந்த குழந்தையைத் தவிர்த்து, எண் இருந்த ஆறு வீடுகளுக்கும் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். எண் இல்லாத இரண்டு வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. நானும் வருகிறேன் என்று அவள் ஏறிக்கொண்டாள். நீ போய் என்ன செய்யப்போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதல் வீடு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சூடில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்தத் தாய் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தாள். இரண்டாவது முகவரியில் வீடே இல்லை. பாதி எழும்பிய கட்டடமும், தகரக் கொட்டகைகள் இருந்ததற்கான அடையாளமும்தான். காவலாளி, அந்த ஆட்கள் போன வாரமே வேலை முடிந்து கிளம்பிவிட்டார்கள் என்றார். எங்கே என்று கேட்டதற்குக் கையை விரித்தார். பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் இருந்தாளே, அவள் யாரிடமாவது ஏதாவது சொன்னாளா என்று ஓட்டுநர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் இதற்குமுன் நூறு பேரைத் தேடிப் போயிருப்பார். ஆனால் அன்று சுற்றியிருந்த கடைகளிலெல்லாம் விசாரித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.

திரும்பி வந்தபோது குழந்தைகள் வார்டு நிரம்பியிருந்தது. அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மாற்றுமருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் பட்டியலில் ஒவ்வொருவராகக் குறித்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு தாய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சீக்கிரம் விட்டுவிடுவார்களா என்று கேட்டாள். வீட்டில் இன்னொன்று இருக்கிறதாம்.

“இன்னொன்னுன்னா, மூத்ததாம்மா?”

“இல்லைங்க. ரெட்டைப் பிள்ளை. குழந்தையைத் தூக்கிட்டு வாங்கன்னு போன்ல ஒண்ணைத்தான் சொன்னாங்க. மத்ததை அத்தைகிட்ட விட்டுட்டு வந்தேன். காலையில இருந்து அது பால் குடிக்கல.”

தாய்வாரியாகத் தொகுத்தபோது ஒரு வரியில் ஒரு குழந்தைக்குத்தான் அவள் இடம் வைத்திருந்தாள். முதலில் இருந்தது நின்றது, அடுத்தது மறைந்தது. ஒன்பது தாய்மாருக்குப் பத்துக் குழந்தைகள். அவள் படியிறங்கி ஓடியதை வார்டே பார்த்தது. ஓட்டுநர் அப்போதுதான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தார். முக்கால் மணியில் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெண் குழந்தை, கை கால் துவண்டு கிடந்தது. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பிழைத்தது.

காலையில் காய்ச்சலோடு வந்த ஆண் குழந்தை பிழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டிருந்தால் என்று எந்த மருத்துவரும் அவள் காதுபட முடிக்கவில்லை. அவளே முடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் ஒன்றை, ஐம்பத்தெட்டு ஐம்பத்தெட்டு என்று பெருமை பேசிக் கழித்திருந்தாள்.

கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதிவுகள் அமைக்கப்பட்ட முறையிலேயே குறை இருக்கிறது, அறிக்கையில் அப்படித்தான் எழுதப்போகிறேன், நீ யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

“அமைப்பு அப்படித்தான்னு எனக்குப் பதினேழு வருஷமா தெரியும் சார். நான்தான் பார்க்கல. அப்படியே எழுதுங்க” என்றாள்.

அவர் எழுதவில்லை. அவளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிக்கையோடு இணைத்துக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் இறந்த குழந்தையின் தகப்பன் பதிவறையைத் தேடி வந்தான். கண்ணாடிக் கடையில் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவன், விரல்களில் வெட்டுத் தழும்புகள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் எழுந்து நின்றாள். அவன் சண்டை போடவில்லை. செவிலியர் எல்லாம் சொன்னதாகச் சொன்னான். கணினியில் தன் பிள்ளை எங்கே இருந்தது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் மனைவியின் பதிவைத் திறந்தாள். வருகைகளைத் திறந்தாள். கடைசி வருகையைத் திறந்தாள். பிரசவத்தைத் திறந்தாள். ஆண் குழந்தை, எடை இரண்டு கிலோ எழுநூறு. அதையும் திறந்தாள். ஊசி, தொகுதி எண், தேதி, நேரம், போட்டவர் கையொப்பம். எல்லாம் சரியாக, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது.

அவன் திரைக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

“இவ்வளவு உள்ளயா மேடம் வெச்சிருந்தீங்க?”

“உள்ளதான் இருந்துச்சு. நான் அதுவரைக்கும் போகல. என் தப்புங்க.”

அவன் எடை எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டான். அதை ஒரு தாளில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டான். வீட்டில் குழந்தையின் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையாம், பெயரே வைக்கவில்லை. அடித்துக் கொடுத்தாள். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அன்று அக்காவிடம் சொல்லி அழுதாள். அக்கா தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். “எந்திரி, கொஞ்சமா சாப்பிடு. நாளைக்கும் வேலைக்குப் போகணும்ல” என்றாள்.

கட்டட வேலைக்காரர்களின் குழந்தை கிடைக்கப் பதின்மூன்று நாளானது. ஓட்டுநர் விடுமுறை நாளில்கூடச் செங்கல் ஏற்றும் லாரிக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டே இருந்தார். இரண்டு ஊர் தள்ளி ஒரு பாலம் கட்டும் இடத்தில் கண்டுபிடித்தார். குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. அதற்கு ஏறியது நல்ல குப்பி. எதற்கு இவ்வளவு கூட்டமாக வந்து பயமுறுத்துகிறீர்கள் என்று அந்தத் தாய் கோபித்துக்கொண்டாளாம்.

விசாரணைக்குப் பிறகு அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் முன்பகுதிக்கு மாற்றினார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் அன்றைக்கே தனிப் பதிவு போட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அந்தப் பதிவுகளை இப்போது அவள்தான் போடுகிறாள். பதிவறையில் புதிதாக வந்திருப்பவர், தேடுவதில் ஏதாவது சிக்கினால் அவளிடம் வந்து கேட்பார். வினவலை எழுதிக் கொடுப்பாள். ஆனால் கையோடு வார்டு நோட்டை வாங்கி வரச்சொல்லி, பக்கம் பக்கமாக விரல்விட்டு எண்ணி முடிக்கும்வரை அச்சான பட்டியலை மட்டும் கையைவிட்டுத் தரமாட்டாள்.