எண்ணெய் தேய்த்த மாப்பிள்ளை

மின்விளக்கு எட்டிப் பார்க்காத காலம் அது. ஓடும் இரண்டு குதிரைகளின் முதுகில் ஒன்றுக்கொரு கால் வைத்து நின்றபடியே சர்க்கஸ் வளையத்தைச் சுற்றி வருவாள் குதிரைக்காரி. வயது நாற்பத்திரண்டு, கேட்டால் முப்பத்தைந்து என்பாள். வெள்ளைக் குதிரையின் பெயர் சீமாட்டி. கறுப்புக் குதிரை வயிறு முட்டத் தின்றுவிட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் அது மாப்பிள்ளை.

சர்க்கஸ் முதலாளி அவளுடைய உடன்பிறந்த அண்ணன். போன மாதம் ஒத்திகையில் அவள் விழுந்து தோள் பிசகியதிலிருந்து மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

"இன்னொரு தரம் விழுந்தேன்னா குதிரைப் பக்கமே போகக்கூடாது. டிக்கெட் ஜன்னல்ல உக்காந்துக்க. நாற்காலிக்கு மெத்தைகூடத் தைச்சாச்சு."

"அதுல நீயே உக்காருண்ணே. எனக்கு நின்னுதான் பழக்கம்."

வாய்தான் அப்படி. உள்ளே உதறல். ஏழு வயதில் குதிரை ஏறியவள். இறங்கினால் தான் யாரென்று அவளுக்கே தெரியாது.

குதிரைகளைக் கவனிக்க அந்த வாரம்தான் பயில்வான் வந்திருந்தார். மார்பை விரித்துச் சங்கிலி அறுத்துக்கொண்டிருந்தவர், முட்டி தேய்ந்து லாயத்துக்கு மாறியவர். கூட்டத்தின் முன் போகிற உடம்பு மின்ன வேண்டும் என்பது அவருடைய வேதம். ஊர்ப் பெரியவர்கள் வரும் காட்சி என்றதும், பாவம், நல்ல மனசோடு இரண்டு குதிரைகளுக்கும் காதிலிருந்து வால்வரை எண்ணெய் தேய்த்துவிட்டார். கால் வழுக்காமலிருக்க முதுகில் குங்கிலியப் பொடி தூவுவது வழக்கம். மினுமினுப்பு கெடும் என்று அதையும் விட்டுவிட்டார்.

பேண்டு முழங்கியது. துள்ளி ஏறியவளின் வலது கால் சர்ரென்று வழுக்கியது. மாப்பிள்ளையின் முதுகில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள், எண்ணெய். வாசலில் அண்ணன் பாதி எழுந்து நின்றார்.

இறங்கினால் டிக்கெட் ஜன்னல் மெத்தை. நின்றால் மண்டை உடையும். என்ன செய்வாள்?

தரையெங்கும் மரத்தூள் பரப்பியிருந்தது. குதிரையின் வயிற்று வாரில் காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினாள். ஓட்டத்திலேயே ஒரு கை தூள் அள்ளி, எம்பி, முதுகில் எறிந்தாள். கூட்டம் 'ஐயோ' என்று அலறிற்று. இரண்டாம் தரம் கை தட்டிற்று. அடுத்து சீமாட்டிக்குத் தாவி அங்கேயும் அதே வேலை. ஆறாவது சுற்றில் இரண்டு குதிரைகளும் புழுதியில் புரண்டு எழுந்தவை போல இருந்தன. எண்ணெயைத் தூள் குடித்துவிட்டது. அவள் எழுந்து நின்றாள். கூடாரம் அதிர்ந்தது.

அண்ணன் லாயத்துக்கு ஓடி வந்தார்.

"இந்த வித்தைய எப்பக் கத்துக்கிட்ட?"

"இப்பத்தாண்ணே."

"பாத்தீங்களா முதலாளி?" என்றார் பயில்வான் பெருமையாக. "எல்லாம் எண்ணெய் செஞ்ச வேலை!"

அண்ணனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நீ விழுறது பெரிசில்ல. எழுந்திருக்காம போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அதான் விழலையே," என்று அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவர் முகமெல்லாம் எண்ணெயும் மரத்தூளும் ஆயிற்று.

மறுநாள் விளம்பரத்தில் 'தலைகீழ் ராணி' என்று போட்டார்கள். கூட்டம் முண்டியடித்தது. டிக்கெட் ஜன்னலில், புது மெத்தைமேல், அண்ணன்தான் உட்கார்ந்திருந்தார். கடைசி டிக்கெட் விற்ற பிறகும், உள்ளே தங்கை குதிரையிலிருந்து பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று ஆள் வந்து சொல்லும்வரை, அவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.