சலவை அறையில் பத்தாம் வகுப்பு

சிறையில் அவரை வெல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிஷக் கோபத்தில் நடந்த கைகலப்புக்கு ஆறு வருடத் தண்டனை. உள்ளே வந்த இரண்டாம் வருடமே சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது.

ஒருநாள் சிறை வகுப்பறையில் முப்பது டேப்லெட் வந்திறங்கின. இணையம் கிடையாது, பத்தாம் வகுப்புப் பாடங்கள் மட்டும் ஏற்றியிருந்தார்கள். வெல்டர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். சிறைத் துணிகளைத் துவைக்கும் கைதியான சலவைக்காரர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, அது கண்ணால பாக்குற சாமான்."

வெளியிலிருந்து பாடம் நடத்த வரும் டீச்சரம்மா சிரிக்கவில்லை. டேப்லெட்டை வாங்கி எதையோ மாற்றிக் கொடுத்தார். வெல்டரின் விரல் பட்ட இடமெல்லாம் பேச ஆரம்பித்தது. 'கணக்கு.' 'அறிவியல்.' 'அடுத்த பக்கம்.' எட்டாம் வகுப்போடு நின்ற மனுஷன் முதல் பாடத்தைத் திறந்தார்.

பேசும் டேப்லெட்டை மற்றவர்கள் நடுவில் வைத்துக்கொள்ள முடியாது. ஹெட்போன் கேட்டால், ஒயர் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று விதி. மதியத்துக்கு மேல் சலவை அறை சும்மாதானே கிடக்கிறது என்று வெல்டரே சூப்பிரண்டிடம் போய்ப் பேசி வாங்கினார்.

அடுத்த இடி வடிவியல். முக்கோணம் வந்ததும் டேப்லெட் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. டீச்சரம்மா அட்டையில் நூலை ஒட்டிக் கொண்டுவந்தார். வெல்டர் தடவிப் பார்த்தார். இருபது வருடம் இரும்பை மூலை சேர்த்த விரல்கள் அவை.

"இது தொண்ணூறு டிகிரி இல்ல டீச்சர், கொஞ்சம் கம்மி."

அளந்து பார்த்தால் எண்பத்தெட்டு. நூல் கோணலாக ஒட்டியிருந்தது.

துணி மடிக்கிற சாக்கில் சலவைக்காரர் தினமும் அங்கேயே நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "இதயத்துக்கு நாலு அறைன்னு சொல்லிச்சே, அதை இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றார். தனக்கு எழுத்தே தெரியாது என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார். வெல்டர் அவர் விரலைப் பிடித்துத் திரையின் எழுத்துப் பலகையில் வைத்தார். 'அ' என்றது டேப்லெட். சலவைக்காரர் அதையே பத்துத் தடவை தொட்டார்.

விஷயம் காற்றுவாக்கில் பரவி, எழுத்துத் தெரியாதவர்கள் ஒன்பது பேர் சலவை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். வெல்டரோடு சேர்ந்து அவர்களும் கேட்டார்கள், குறுக்கே கேள்வி போட்டார்கள், சண்டையும் போட்டார்கள். அறை சந்தைக்கடைபோல் இருந்தது.

வெல்டர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொடுத்த பரீட்சையில் அவர் பாஸ், கணக்கில் எழுபத்தொன்பது. அந்த வாரப் போனில் மகளிடம் சொன்னார். அவள் உடனே கேட்டாள்.

"யாருப்பா வாசிச்சுக் காட்டினா?"

"யாரும் இல்லம்மா. நானே படிச்சேன்."

மேலே பேச நேரமில்லை என்று போனை வைத்தார். சலவை அறையில் அவர் நடத்தும் எழுத்து வகுப்புக்குப் புது டேப்லெட்டுகள் வந்திருந்தன, ஒன்பது பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.